மேடையிலிருந்து மந்திரி சபைக்கு: மெலினா மெர்க்கூரி அம்மையார்



இந்த மலரில் ஆளுக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதணும்னு சொன்னாங்க. நமக்கு நல்லாத் தெரிஞ்ச பெயர்களை எல்லாம் மற்ற சகோதரிகள் எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு பெயர். கிரீஸ் நாட்டைச் சேர்ந்த மெலினா மெர்க்கூரி. நடிகையாக இருந்து, நாடு கடந்து தவித்து, தேர்தலில் தோற்று, பிறகு ஜெயித்து, மந்திரி ஆனவர். என் மகள் கல்லூரியில் வரலாறு படிச்சப்போ அவ மூலமாத்தான் இந்தப் பெயர் எனக்கு அறிமுகம். படிக்கப் படிக்க, இந்தம்மா கதையை நம்ம குழுப் பெண்கள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

பிறந்த வீடு

கிரீஸ் ஐரோப்பாவின் தெற்கு ஓரத்தில், மத்திய தரைக்கடலை ஒட்டி இருக்கிற சின்ன நாடு. மொத்த ஜனத்தொகையே சுமார் 1 கோடிதான். ஒலிம்பிக் விளையாட்டு பிறந்தது அங்கேதான். அந்த நாட்டின் தலைநகரம் ஏதென்ஸ். அங்கே 1920ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி மெலினா பிறந்தார். வைத்த பெயர் மரியா அமாலியா. உலகத்துக்கு அவர் மெலினாதான். கிரேக்க மக்களும் அவரை மெலினா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தாத்தா ஸ்பிரிடோன் மெர்க்கூரிஸ் பல ஆண்டுகள் ஏதென்ஸ் நகரத்தின் மேயர். அப்பா ஸ்டமாட்டிஸ் பாராளுமன்ற உறுப்பினர், மந்திரியாகவும் இருந்தவர். அரசியல் பேச்சிலேயே வளர்ந்த பிள்ளை. ஆனால் ஒரு விஷயம் பாருங்க. அவர் பிறந்தபோது அந்த நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் ஓட்டு கிடையாது. பெண்களுக்கு முழு வாக்குரிமை வந்தது 1952ஆம் ஆண்டில்தான். அப்போது மெலினாவுக்கு 31 வயது. மேயர் வீட்டுப் பேத்தியாக இருந்தாலும், ஓட்டுச் சாவடிக்குள் போக அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி இருந்தது.

இளம் வயதிலேயே ஒரு பணக்கார நிலக்கிழாருக்கு மனைவியானார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. மெலினாவின் மனசு நாடகத்தில் இருந்தது. ஏதென்ஸில் தேசிய நாடக அரங்கம் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1941இல் ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது. அந்தக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்து, சாப்பாடு இல்லாமல் ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். தெருவிலேயே விழுந்து செத்தவர்களும் உண்டு. அந்த மாதிரிக் காலத்தில்தான் அவருடைய படிப்பு நடந்தது. 1944இல் படித்து முடித்தார்.

நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறலாமா என்கிற கேள்வி நம்ம ஊரில் மட்டும் இருந்ததில்லை. எல்லா ஊரிலும் அந்தக் காலத்தில் இருந்ததுதான். மெலினா அதைக் காதில் வாங்காமல் மேடை ஏறினார்.

மேடையும் திரையும்

முதலில் நாடகம்தான். அமெரிக்க எழுத்தாளர்களின் பெரிய நாடகங்களில் கனமான வேடங்கள் கிடைத்தன. 1949இல் கரோலோஸ் கூன் என்கிற புகழ்பெற்ற இயக்குநரின் அரங்கத்தில் நடித்த வேடம் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. குரல் கொஞ்சம் கரகரப்பு. சிரிப்பு பெரிய சிரிப்பு. அடக்கமா இரு, மெதுவாப் பேசுன்னு சொல்லி வளர்க்கிற பெண் குரல் மாதிரி இருக்காது. அந்தக் குரல்தான் பின்னாடி அவருக்கு ஆயுதம் ஆச்சு.

முதல் சினிமா வந்தபோது அவருக்கு வயது 34. இந்த வயசுக்கு மேல கதாநாயகியான்னு நாம் கேட்போம். 1955இல் மிஹாலிஸ் காகோயானிஸ் இயக்கிய அந்தப் படத்தின் பெயர் ஸ்டெல்லா. ஸ்டெல்லா என்பவள் இரவு விடுதியில் பாடுகிற பெண். ஒருவனைக் காதலிக்கிறாள், ஆனால் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவன் கட்டுப்பாட்டுக்குள் போக மாட்டேன் என்கிறாள். கல்யாண நாளன்று தேவாலயத்துக்குப் போகாமலே இருந்துவிடுகிறாள். கடைசியில் அந்தக் காதலனே கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். படம் வந்தபோது எதிர்ப்பும் வந்தது. இப்படி ஒரு பெண்ணைக் காட்டலாமா என்று கேட்டார்கள். இன்று கிரேக்க சினிமாவின் முக்கியமான படங்களில் அதுவும் ஒன்று. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைக் கொல்கிற ஆண்களைப் பற்றி நாம் இன்னும் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்தப் படம் பிரான்சில் நடக்கும் கேன்ஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. அங்கேதான் ஜூல்ஸ் தாசினைச் சந்தித்தார். தாசின் அமெரிக்க இயக்குநர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி, கலைஞர்கள் பலருக்கு வேலை கொடுக்கவிடாமல் செய்தார்கள். அப்படி வேலை இழந்து ஐரோப்பாவுக்கு வந்தவர் அவர். இருவரும் சேர்ந்து பல படங்கள் செய்தார்கள். 1966இல் திருமணம் செய்துகொண்டார்கள். மெலினா கண்ணை மூடும் வரை அந்த உறவு நிலைத்தது.

1960இல் வந்த படம்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது என்று பொருள் வரும் பெயர் அந்தப் படத்துக்கு. ஏதென்ஸை ஒட்டி இருக்கிற பிரேயஸ் துறைமுகத்தில் எடுத்தார்கள். கதாநாயகி இலியா உடலை விற்றுப் பிழைக்கும் பெண். ஆனால் தலை குனிந்து நடக்கிறவள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த படித்த மனுஷன் ஒருவன், அவளைத் திருத்தி அறிவாளி ஆக்கியே தீருவேன் என்று கிளம்புகிறான். புத்தகத்தைக் கொடுக்கிறான், இசைத்தட்டைக் கொடுக்கிறான். கடைசியில் அவன் பருப்பு வேகவில்லை. நமக்கு வகுப்பு எடுக்க வருகிற சிலரை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். எல்லாரையும் சொல்லலை, சிலரைத்தான்!

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தத் துறைமுகத்துப் பெண்களிடம் வீட்டுக்காரன் அநியாய வாடகை வாங்குகிறான். ஒருத்தியாகக் கேட்டால் நடக்காது என்று எல்லாப் பெண்களும் ஒன்று சேர்ந்து போராடுகிறார்கள். கட்டிலையும் மெத்தையையும் ஜன்னல் வழியாகத் தெருவில் வீசுகிறார்கள். குழுன்னு பேர் வைக்காத குழு அது.

இந்தப் படத்துக்காக மெலினாவுக்குக் கேன்ஸ் விழாவில் சிறந்த நடிகை பரிசு கிடைத்தது. ஆஸ்கர் விருதுக்கும் பெயர் போனது. நடிப்புக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பாடிய பிரேயஸ் துறைமுகத்துப் பாட்டுக்காக, இசையமைப்பாளர் மனோஸ் ஹட்ஜிடாகிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கிரீஸ் நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லாம் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்கிற அளவுக்குப் புகழ்.

குடியுரிமை பறிபோன நாள்

இனிமேல்தான் கதையே ஆரம்பம். இதுவரை சொன்னது வசதியான வீட்டில் பிறந்து, திறமையால் புகழ் பெற்ற ஒரு நடிகையின் கதை. அப்படி உலகத்தில் நிறையப் பேர் இருக்காங்க.

1967 ஏப்ரல் மாதம் மெலினா அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இருந்தார். அதே இலியா கதையைப் பாட்டு நாடகமாக்கி, பிராட்வே என்கிற பெரிய நாடக வீதியில் நடித்துக்கொண்டிருந்தார். நாடகம் தொடங்கிப் பத்தே நாள். ஏப்ரல் 21ஆம் தேதி விடியற்காலையில் கிரீஸில் ராணுவக் கர்னல்கள் சிலர் ஆட்சியைப் பிடித்தார்கள். ஏதென்ஸ் தெருவில் டாங்கிகள். தேர்தல் நடக்க ஒரு மாதம்தான் இருந்தது. அது நடக்கவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துத் தீவுகளில் அடைத்தார்கள். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். மீக்கிஸ் தியோடராக்கிஸ் என்ற பெரிய இசைக்கலைஞரின் பாட்டைக் கேட்பதே குற்றம் என்று உத்தரவு போட்டார்கள்.

மெலினாவுக்கு முன்னாடி இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு நடித்தால் பணம், பெயர், ஏதென்ஸில் வீடு எல்லாம் பத்திரமாக இருக்கும். கண்டித்துப் பேசினால் எல்லாம் போகும். அவர் பேசினார். பத்திரிகையில், தொலைக்காட்சியில், கூட்டம் போட்டு, கிடைத்த இடத்தில் எல்லாம் பேசினார். கிரீஸுக்குச் சுற்றுலா போகாதீர்கள், நீங்கள் செலவு செய்யும் பணம் அந்தக் கர்னல்களுக்குத்தான் போகிறது என்றார். எந்தப் படத்தால் அந்த நாட்டுக்கு ஊரெல்லாம் ஆள் வந்ததோ, அந்தப் படத்தின் நடிகையே வராதீர்கள் என்று சொன்னார்.

ஜூலை மாதமே பதில் வந்தது. உள்துறை மந்திரியாக இருந்த பட்டாகோஸ் என்ற ராணுவ அதிகாரி, மெலினாவின் கிரேக்கக் குடியுரிமையை ரத்து செய்தார். சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். தாத்தா மேயராக இருந்த ஊருக்குப் பேத்தி அந்நியள்.

ஒரு நிமிஷம் நம்மை வைத்து யோசித்துப் பாருங்க. ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனாலே நாம் எவ்வளவு அலைகிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் இந்த ஊர்க்காரியே இல்லை என்கிற மாதிரி மனசு துடிக்கும். ஒரு நாடே நீ எங்க ஆள் இல்லைன்னு எழுதிக் கொடுத்தா எப்படி இருக்கும்? செய்தி கேட்ட மெலினா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தன் பிறப்பை எந்த அதிகாரியின் கையெழுத்தும் மாற்ற முடியாது என்ற கருத்தில், முகத்தில் அறைந்த மாதிரி பதில் கொடுத்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. 1971இல் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது, கிரேக்கப் பெண்ணாய்ப் பிறந்தேன் என்பதையே புத்தகத்துக்குப் பெயராக வைத்தார்.

ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். பாட்டுக் கச்சேரி, கூட்டம், ஊர்வலம். 1969இல் இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் அவரைக் குறிவைத்து குண்டு வைத்தார்கள். தப்பித்தார். அதற்குப் பிறகும் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

உள்ளூரிலும் எதிர்ப்பு வளர்ந்தது. 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள் போராடியபோது, ராணுவம் டாங்கியை விட்டுக் கல்லூரி வாசல் கதவையே உடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சைப்ரஸ் தீவு விவகாரத்தில் கர்னல்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆட்சி கவிழ்ந்தது. உடனே சில நாளில் மெலினா ஏதென்ஸுக்குத் திரும்பினார். விமான நிலையத்தில் ஜனம் கூடி வரவேற்றது.

ஓட்டுக் கேட்டு வந்த நடிகை

திரும்பி வந்தபோது அவருக்கு 53 வயது. ஓய்வெடுக்கலாம், பழைய புகழை வைத்துப் பிழைக்கலாம். அவர் ஆந்த்ரேயாஸ் பாப்பாண்ட்ரூ தொடங்கிய பாஸோக் என்ற சோசலிஸ்ட் கட்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்தார். 1974 தேர்தலில் நின்றார். நின்ற தொகுதி பணக்காரர்கள் இருக்கிற பகுதி இல்லை. பிரேயஸின் தொழிலாளர் பகுதி. 1922இல் துருக்கியிலிருந்து அகதிகளாக ஓடிவந்தவர்கள் குடிசை போட்டு வாழ்ந்து, அவர்கள் பிள்ளைகள் கப்பல் பட்டறையிலும் ஆலையிலும் வேலை செய்த இடம்.

மிகக் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். சினிமாக்காரிக்கு அரசியல் எதுக்கு என்று கேட்டவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மெலினா அந்தத் தொகுதியை விட்டுப் போகவில்லை. அதே தெரு, அதே ஜனம். மூணு வருஷம் கழித்து 1977இல் அதே பிரேயஸ் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஒரு தடவை ஊராட்சித் தேர்தலில் தோற்றதும் வீட்டோடு முடங்கிவிட்ட சகோதரிகள் நம் கூட்டமைப்பிலும் உண்டு. அவங்களுக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதினேன்.

மந்திரி மெலினா

1981 அக்டோபரில் பாஸோக் ஆட்சிக்கு வந்தது. மெலினா கலாச்சாரத் துறை மந்திரி ஆனார். அந்த நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1989 வரை எட்டு வருஷம் தொடர்ந்து இருந்தார்.

கலாச்சாரத் துறை என்றால் சும்மா விழாவுக்குப் போய் குத்துவிளக்கு ஏற்றுகிற வேலைதானே என்று நினைப்போம். மற்ற மந்திரிகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மெலினா அதைப் பெரிய துறையாக்கிக் காட்டினார். அதுவரை நல்ல நாடகம் என்றால் தலைநகரத்தில்தான். 1983இல் வெளியூர்களில் நகராட்சி நாடக அரங்குகள் அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளூர் ஜனம் உள்ளூரிலேயே நல்ல நாடகம் பார்க்கவும், உள்ளூர்க் கலைஞருக்குச் சம்பளத்தோடு வேலை கிடைக்கவும் அது வழி செய்தது.

அதே 1983இல் ஐரோப்பிய நாடுகளின் கலாச்சார மந்திரிகளை ஏதென்ஸுக்கு அழைத்துக் கூட்டம் போட்டார். இவங்க எல்லாரும் எப்பப் பார்த்தாலும் வெண்ணெய் விலை, இரும்பு விலை, வரி என்றே பேசிக்கொண்டிருந்தவர்கள். பணக் கணக்கு மட்டும் ஜனங்களைச் சேர்த்து வைக்காது, ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கேட்கணும், ஒருத்தர் ஊரை ஒருத்தர் பார்க்கணும் என்பது மெலினாவின் வாதம். வருஷத்துக்கு ஒரு ஊரைக் கலாச்சார நகரமாக அறிவித்து, அந்த வருஷம் பூரா அங்கே கலை விழா நடத்தலாம் என்றார். 1985இல் முதல் ஊர் ஏதென்ஸ். பிறகு ஃபிளாரன்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பாரிஸ், கிளாஸ்கோ என்று போனது. இன்று வரை நடக்கிறது. கிளாஸ்கோ பழைய தொழில் நகரம், கப்பல் கட்டும் பட்டறைகள் மூடி நொடிந்துபோன ஊர். கலை விழா அந்த ஊருக்கு ஒரு புதுப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

இதே ஆட்சிக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அது மெலினாவின் துறை வேலை இல்லை, இருந்தாலும் சொல்லணும். கிரீஸிலும் வரதட்சணை இருந்தது தெரியுமா? சட்டத்திலேயே இடம் பெற்ற வழக்கம். 1983இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தி வரதட்சணை முறையை எடுத்தார்கள். குடும்பத் தலைவன் ஆண்தான் என்பதையும் எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணின் சட்டப்பூர்வப் பெயர் அவளுடைய சொந்தக் குடும்பப் பெயரே என்று ஆக்கினார்கள். பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதால் வந்த சட்டம் அது.

கல்லின் கதை

மெலினா என்றாலே உலகம் நினைப்பது ஒரு வழக்கைத்தான். ஏதென்ஸ் நகரத்தின் நடுவில் அக்ரோபோலிஸ் என்று ஒரு குன்று. மேலே பார்த்தினான் கோயில். சுமார் 2,450 வருஷத்துக்கு முன்னால் வெள்ளைப் பளிங்குக் கல்லில் கட்டியது. அதைச் சுற்றிச் சாமி ஊர்வலம் போகிற மாதிரி சிற்பம் செதுக்கி இருந்தார்கள். குதிரை, இளைஞர்கள், காணிக்கை ஏந்திய பெண்கள் என்று மொத்தம் 160 மீட்டர் நீளம்.

சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் கிரீஸ் துருக்கிய சுல்தான் ஆட்சியில் இருந்தது. அப்போது துருக்கிக்கு பிரிட்டன் அனுப்பிய தூதர் எல்ஜின் பிரபு. 1801இல் தொடங்கி, தன் ஆட்களை வைத்து அந்தச் சிற்பங்களைப் பெயர்த்து எடுக்கச் செய்தார். கனம் குறையணும் என்று கல்லின் பின்பக்கத்தை ரம்பம் வைத்து அறுத்தார்கள். கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கப்பல் வழியில் மூழ்கி, சிற்பங்களைக் கடலுக்குள்ளிருந்து எடுக்க வேண்டி வந்தது. 1816இல் எல்ஜின் அவற்றை பிரிட்டிஷ் அரசுக்கு 35,000 பவுனுக்கு விற்றார். ஊர்வலச் சிற்பத்தில் ஏறக்குறைய 75 மீட்டர் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே குதிரையின் தலை ஒரு நாட்டில், உடம்பு ஒரு நாட்டில் என்கிற கதைதான்.

1982இல் மெக்சிகோவில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் மெலினா எழுந்து, எங்க சிற்பங்களைத் திருப்பிக் கொடுங்க என்று உலக நாடுகள் முன்னால் கேட்டார். பிறகு லண்டனுக்கே போய் அந்த மியூசியத்தில் நின்று பார்த்தார். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் போய் வாதாடினார். முதலில் அவர் பிடித்துக்கொண்டது பெயரை. உலகம் அவற்றை எல்ஜின் பளிங்குகள் என்று சொல்லிவந்தது. எடுத்துக்கொண்டு போனவர் பெயரில் எப்படி ஒரு பொருளைக் கூப்பிடலாம், அவை பார்த்தினான் சிற்பங்கள் என்றார். எவ்வளவு சரி! என் பாட்டி வெட்டின கிணத்துக்கு வாங்கிக்கிட்டவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா, நாலு தலைமுறைக்கு அப்புறம் பாட்டியை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பிரிட்டிஷ் தரப்பும் சும்மா இல்லை. அன்றைக்கு இருந்த ஆட்சியின் அனுமதியோடுதான் எடுத்தோம், காசு கொடுத்துத்தான் வாங்கினோம், மியூசியப் பொருளைக் கொடுக்க எங்கள் சட்டமே இடம் கொடுக்காது, லண்டனில் இருந்ததால்தான் அவை பத்திரமாக இருந்தன, ஏதென்ஸில் புகையும் தூசியும், வைக்க ஒழுங்கான இடமும் இல்லை என்றார்கள். இதில் கடைசிக் காரணத்தை மெலினா கெட்டியாகப் பிடித்தார். இடம் இல்லை என்றால் இடம் கட்டுவோம் என்றார். அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் புது மியூசியம் கட்ட 1989இல் உலகளவில் வரைபடப் போட்டி அறிவித்தார்கள். எதிர்த்தரப்பின் சாக்கை ஒவ்வொன்றாகக் காலி செய்வது எப்படி என்று இந்தம்மாவிடம்தான் படிக்கணும். கடன் விண்ணப்பத்தில் ஒரு காகிதம் குறையுது என்று திருப்பி அனுப்பினால், நாமும் அடுத்த நாள் அந்தக் காகிதத்தோடு போய் நிற்கிறோமே, அந்த மாதிரி.

கடைசிக் காலம்

1989இல் ஆட்சி போனது. 1990இல் ஏதென்ஸ் மேயர் தேர்தலில் நின்றார். தாத்தா உட்கார்ந்த நாற்காலி. அதில் தோற்றார். 1993 அக்டோபரில் கட்சி திரும்ப ஆட்சிக்கு வந்ததும், மறுபடியும் கலாச்சார மந்திரி ஆனார். அப்போது அவருக்கு 72 வயது. ஏதென்ஸில் சிதறிக் கிடக்கும் பழங்கால இடங்களை எல்லாம் நடைபாதை போட்டு இணைக்கணும், ஜனங்கள் வண்டி தொல்லை இல்லாமல் நடந்து பார்க்கணும் என்பது அவருடைய இன்னொரு ஆசை. பிறகு வந்தவர்கள் அதைச் செய்தார்கள். இன்று அக்ரோபோலிஸ் அடியில் ஜனம் அப்படித்தான் நடக்கிறது.

மெலினாவுக்குச் சிகரெட் பழக்கம் விடவில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்தது. நியூயார்க் மருத்துவமனையில் 1994 மார்ச் 6ஆம் தேதி காலமானார். ராணுவ ஆட்சி வந்த சேதியைக் கேட்ட அதே ஊரில்தான் மூச்சு நின்றது. உடலை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து, பிரதமருக்குக் கொடுக்கும் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஒரு காலத்தில் நீ எங்க ஆள் இல்லைன்னு எழுதிக் கொடுத்த நாடு, தெருவெல்லாம் நின்று அழுதது.

அவர் கேட்ட சிற்பங்கள் அவர் உயிரோடு இருந்தவரை வரவில்லை. அவர் கேட்ட மியூசியம் 2009 ஜூனில் திறந்தது. கணவர் தாசின் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை வைத்து, அந்த வேலையைத் தொடர்ந்தார். அவரும் 2008இல் போய்விட்டார், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. மியூசியத்தின் மேல்தளத்தில் ஊர்வலச் சிற்பத்தை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தங்களிடம் உள்ள பழைய கல் பழுப்பாக இருக்கும். லண்டனில் இருக்கிற பகுதிகளுக்குப் பதிலாக வைத்த வார்ப்பு வெள்ளையாக இருக்கும். எது வரணும் என்று குழந்தைக்கும் தெரியும். அதே குன்றில் இன்னொரு கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நின்ற ஆறு பெண் சிற்பங்களில் ஐந்து அங்கே நிற்கின்றன. ஆறாவது பெண் லண்டனில். அவளுக்கான இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியின் பலேர்மோ மியூசியம் தன்னிடம் இருந்த ஒரு துண்டை 2022இல் திருப்பிக் கொடுத்தது. 2023இல் வாடிகன் மூன்று துண்டுகளைக் கொடுத்தது. லண்டன் இன்னும் கொடுக்கவில்லை. பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது

மெலினா நம்மை மாதிரி கூலி வேலை செய்து வந்தவர் இல்லை. பணம், பெயர், அழகு எல்லாம் இருந்தவர். அவரை ஏன் நம் மலரில் எழுதணும் என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். என் பதில் இது. இருந்ததைக் காப்பாத்திக்கிட்டுச் சும்மா இருக்க அவருக்கு வழி இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேசினார். நமக்கோ இழக்க அவ்வளவு கிடையாது, ஆனாலும் கிராம சபையில் மைக் கிட்ட வரும்போது பக்கத்து அக்காவைத் தள்ளிவிட்டு நாம் பின்னால் போய்விடுகிறோம்.

இன்னொன்று, நமக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறது பிச்சை இல்லை. கூலி பாக்கியானாலும் சரி, பட்டாவில் பெயரானாலும் சரி, பொதுப் பாதையானாலும் சரி. தரலைன்னா அடுத்த கூட்டத்திலும் கேட்கணும். தீர்மான நோட்டில் எழுதி வைக்கணும். நாம் பதவியில் இல்லாத காலத்தில் வருகிறவர்கள் அந்த நோட்டைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து கேட்பார்கள். மெலினா கேட்டு 40 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அவர் கேட்டதை அந்த நாட்டில் எந்தக் கட்சி வந்தாலும் இன்றைக்கும் கேட்கிறது.

எழுத்து வாசிக்கச் சிரமப்படுற அக்காமார், பெரியம்மாமார் நம்ம குழுக்களில் இருக்காங்க. அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிஞ்சதும், யாராவது ஒருத்தர் இதை அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. குரல் கரகரன்னு இருந்தாலும் பரவாயில்லை.